அடுப்படி வரை ஒரு விசாரணை

பதினெட்டு வயது நிரம்பாத ஒருவரை அயலார் பொறுப்பில் விடுமுன் அந்த அயலாரின் நன்னடத்தைச் சான்றைப் பெற வேண்டும் என்பது விதி. தாலுகா அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் இதைப் பிறருக்குச் சொன்னவன் நான். இப்போது பதினாறு வயதுக் கடைசி மகள் செலினுடன் பொம்மிடி நிலையத்தில் சென்னை ரயிலுக்காக நிற்கிறேன். விடுமுறையில் ஸ்பானிய மொழி படிக்க, ஸ்பெயினில் ஒரு குடும்பத்தோடு தங்கப் போகிறாள். எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரின் ஏற்பாடு. உங்கள் கிராம அதிகாரியிடம் நன்னடத்தைச் சான்று வாங்கி மூன்று நகல்கள் அனுப்பவும் என்று அந்த வீட்டம்மாவுக்கு ஜனவரியிலேயே எழுதினேன். பதில் இல்லை.

மாங்காய்க் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள்.

“பாப்பா தங்கப்போற வூட்டப் பாத்துட்டு வந்தீங்களா?”

“இல்லம்மா. ரொம்ப தூரம்.”

“எம் பொண்ண அரூர்ல குடுக்கறதுக்கே மூணு தடவ போனோமுங்க. ஒருக்கா சொல்லாமலே போனோம். அப்பத்தான அடுப்படி தெரியும்!”

“அக்கா, அப்பாவ இன்னும் பயமுறுத்தாதீங்க” என்று செலின் சிரிக்கிறாள்.

என் கையிலிருக்கும் கோப்பை மறுபடி திறந்து பார்க்கிறேன். கடவுச்சீட்டு, விசா, சாமியாரின் கடிதம், எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த வீட்டு அடுப்படி இல்லை. ரயில் வருகிறது. பெட்டியைத் தூக்க எனக்குக் கை வரவில்லை, அவளே தூக்கிக்கொள்கிறாள்.

பிற்சேர்க்கை: சான்று வந்தது, மூன்று நகல்கள். “மேற்படி குடும்பத்தை நேரில் விசாரித்தேன். சொல்லாமலே அடுப்படிக்கும் போய்ப் பார்த்தேன். நல்லவர்கள்.” விசாரணை அதிகாரியின் கையொப்பம்: செலின். கிடைத்த நாள்: 1986 மே 12.