தீட்டுக்காரன் பார்த்த பினாங்கு

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகிற ஃபெரியில், போவதற்கு மட்டும்தான் டிக்கெட். திரும்பி வருவதற்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. வந்த புதிதில், திரும்பும்போது கவுண்டர் எங்கே என்று நான் தேடி அலைந்ததைப் பார்த்து, மலாய்க்காரக் காவலாளி ஒருவர் சிரித்துக்கொண்டே தோளைப் பிடித்து உள்ளே அனுப்பிவைத்தார். கோவில்பட்டி பஸ்ஸில் ஏறிப் பழகிய நமக்கு, கேட்காமல் விடுகிறவர்களைக் கண்டால் சந்தேகம்தான் வருகிறது.

இந்த முறை அதே ஃபெரியில் நின்றபோது, அப்பா இறந்து பதினைந்தாம் நாள். வேலை பெர்மிட் புதுப்பிப்பதற்காக என் பாஸ்போர்ட் குடிநுழைவு அலுவலகத்தில் கிடந்தது. ஊருக்குப் போக வழியில்லை. மூத்தவன் நான் இருக்க, தம்பி கொள்ளி வைத்தான். செய்தி வந்த அன்றும் ஃபாக்டரிக்குப் போய், ஷிப்டு முடியும்வரை சர்க்யூட் பலகைகளைச் சரிபார்த்தேன். ஒரு பிழையையும் தவறவிடவில்லை. அழுகை வரவில்லை. மகன் என்று சொல்லிக்கொள்ள ஒரு காரியமும் செய்யவில்லையே என்பது மட்டும் உள்ளே கிடந்தது.

என்னோடு அறையில் இருக்கும் செல்வராஜ் ஓட்டப்பிடாரத்துக்காரன். நான் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பொறுக்காமல், ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று இழுத்து வந்தவன் அவன்தான். பழைய சீனக் கடைவீடுகளையும் வெள்ளைக்காரன் கட்டிய கோட்டையையும் தாண்டி, நேரே மாரியம்மன் கோயில் கோபுரத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினான். செருப்பைக் கழற்றியவன் அப்படியே தலையில் கை வைத்தான்.

“அண்ணாச்சி, மறந்தே போச்சு. நீங்க உள்ள வரக்கூடாதுல்லா.”

“நீ போய்க் கும்பிட்டுட்டு வாலே. நான் இங்கனயே நிக்கேன்.”

சின்ன வயதில் ஒரு பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு கழுகுமலைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில், பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார் என்று பஸ்ஸில் ஏறிய ஒருவர் சொன்னார். அப்பா உடனே எழுந்து, “ஏலே, எல்லாரும் இறங்குங்க. சாமி எங்கயும் ஓடிப்போயிராது” என்றார். கரிசல் காட்டு வெயிலில் புதுச்சட்டையோடு திரும்பி நடந்தோம். நான் வழி முழுக்க அழுதேன். அன்றைக்கு அழத் தெரிந்திருக்கிறது.

எதிர்ச்சாரியில் ஓர் ஆர்ட் கேலரி இருந்தது. வெயில் தாங்காமல், ஏசிக்காக உள்ளே போனேன். பழக்கத்தில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டேன். மேசையில் இருந்த வயதான சீனப் பெண், “பக்காய் காசுட், போலே” என்றாள். செருப்பைப் போட்டுக்கொள்ளலாம் என்று மலாயில் அர்த்தம். தலையாட்டிவிட்டு வெறுங்காலோடு படங்களைப் பார்த்துக்கொண்டு போனேன். கப்பல்கள், மீன்காரிகள், மழையில் ரிக்‌ஷா. எதுவும் மனதில் நிற்கவில்லை. ஒரு திருப்பத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் முழ உயரத்தில் கருங்கல் அம்மன் இருந்தாள்.

சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். அந்தப் பெண் எழுந்து வந்து, பிடிக்கவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தீட்டை எந்த மொழியில் விளக்குவது? “மை ஃபாதர் டெட்” என்றேன். அப்பா இறந்ததை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வேறு யாருடைய அப்பாவைப் பற்றியோ சொன்ன மாதிரி இருந்தது. அவள் என் கையைத் தொட்டு, “சாரி, சாரி” என்றாள். பிறகு ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து, ஆறுதலாக இருக்கட்டும் என்று அம்மனுக்கு நேர் எதிரே போட்டு, என்னை உட்காரவைத்தாள்.

உட்கார்ந்தேன். பூ இல்லை, விளக்கு இல்லை. பாதத்துக்குக் கீழே ஒரு எண் ஒட்டியிருந்தது. பூசை இல்லாத அம்மனுக்குத் தீட்டு உண்டா என்று யோசித்தேன். இதையெல்லாம் கேட்க எனக்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

சாயங்காலம் செல்வராஜோடு திரும்பும்போது, படகுத்துறை பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். தம்பி எடுத்தான்.

“அண்ணே, நாளைக்குக் கருமாதி. எல்லாரும் வந்துட்டாவ. அங்கன நீ மொட்டை எடுக்கியான்னு கேக்குதாவ.”

“எடுக்குதேன்னு சொல்லுலே. காலையிலயே எடுத்துருதேன்.”

“அம்மைட்டக் குடுக்கவா?”

“வேண்டாம்லே. அழுவா.”

அவ்வளவுதான் பேச்சு. வழக்கமாக “சரி, வாரேன்” என்று சொல்லித்தான் போனை வைப்பேன். வாய்வரை வந்துவிட்டது. துட்டி கேட்க வந்தவர்கள் சாவு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைக்கோ சொல்லிக்கொள்ளும் வேலையே இல்லை, அவன் எங்கே போகப்போகிறான்? தம்பியும் போனை வைக்காமல் காத்திருந்தான். வீட்டுக்குள் யாரோ பந்திப்பாய் விரிக்கச் சொல்வது கேட்டது. பந்தியில் உட்காருகிறவனா, பரிமாறுகிறவனா என்று தெரியாமல், ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.