பெயிண்டின் மேல் முடுக்கிய எர்த்

கார் ஒயரிங்கில் செய்த தப்பு கடையில் தெரியாது. வண்டிக்காரர் நாலு பேர் நடுவில் நிற்கும்போதுதான் தெரியும். எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூரில், பெங்களூர் ரோடு ஓரம் கொட்டகை போட்டு நான் எலக்ட்ரீஷியன் ஆனேன். ஸ்பானர் பிடித்த நண்பர்களே, நீங்களும் எதையாவது மறைத்திருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

பளபள கறுப்பு

செபஸ்தியான் அண்ணன் இருபது வருஷம் அடுத்தவர் காரை ஓட்டியவர். பழைய இங்கிலீஷ் கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, வாடகைக்கு ஓட்டப்போவதாக அந்த வேலையை விட்டுவிட்டார். ஒயரிங் முழுவதையும் மாற்றும் பொறுப்பு எனக்கு. வண்டிக்கு அப்போதுதான் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. குனிந்தால் என் மூக்கு தெரிந்தது.

விளக்குக்கும் ஹாரனுக்கும் போகிற கரண்டு, வண்டியின் இரும்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அதைத்தான் எர்த் என்போம். பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் ஒயரை முடுக்க வேண்டும். அந்தக் கறுப்பைச் சுரண்ட எனக்கு மனசு வரவில்லை. அப்படியே மேலே முடுக்கிவிட்டேன்.

மறுநாளே வந்து நின்றார். ஹாரனை அழுத்தினால் ஹெட்லைட் மங்கியது. பல்பு சரியில்லை என்று அடித்துச் சொல்லி வேறு போட்டேன். அதுவும் மங்கியது. அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா தம்பி, ஹாரன் அடிச்சா லைட்டு கண்ண மூடிக்குது? எதிர்ல வர்றவனப் பாத்து பயப்படுதா?"

பின்னால் வந்த லாரி

முன்பக்கம் மட்டும் சுரண்டிச் சரிசெய்தேன். பின்பக்கத்தைத் தொடவில்லை. இருட்டும் நேரம், என் கொட்டகைக்கு எதிரிலேயே அண்ணன் பிரேக் போட்டார். பிரேக் விளக்கு எரியவில்லை; எரிந்துகொண்டிருந்த பின்விளக்கும் அணைந்துபோனது. பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றது.

"பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றேன். சொல்லும்போதே காது சுட்டது. லாரி டிரைவர் இறங்கி வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிரேக் அடிச்சா லைட்டு எரியறத பாத்துகீறேன். அணையறத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

சோக் கேபிள்

எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும்; ரப்பரில் கரண்டு போகாது. அதை வண்டியின் உடம்போடு சேர்க்க ஒரு செம்புப் பின்னல் பட்டை உண்டு. நான் கழற்றிய அந்தப் பட்டை என் பெட்டியிலேயே கிடந்தது. திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். வண்டி முக்கி முனகி ஸ்டார்ட் ஆனதற்கு, பேட்டரி வீக் என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு குளிர்காலக் காலையில் அண்ணன் ஸ்டார்ட்டரை அழுத்த, அவர் மனைவி ஆரோக்கியமேரி அக்கா, குளிரில் எஞ்சின் பிடிக்க இழுக்கும் சோக் கம்பியை இழுத்துப் பிடித்திருந்தார். பட்டை இல்லாததால் அத்தனை கரண்டும் சோக் கேபிள் வழியாகத் திரும்பியது. கேபிள் பழுத்துப் புகைந்தது. அக்காவுக்கு இரண்டு விரல் வெந்துபோனது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கேபிள் பழசு என்று சொல்லி, புதுசு வாங்க அண்ணனை அனுப்பினேன். அவர் போனதும் பட்டையை எடுத்து மாட்டினேன். விரலில் ஈரத்துணி சுற்றி அக்கா பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். புதுக் கேபிளும் போட்டதும் ஒரே தொடுதலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அண்ணன் என் தோளைத் தட்டி, தேரடியில் இருந்த கார்க்காரர்களிடமெல்லாம் போய் என்னைப் புகழ்ந்தார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அடுத்த வாரம் அக்கா தனியாக வந்தார். விரலில் இன்னும் கட்டு. உட்காரவில்லை. "பொட்டிலேர்ந்து எடுத்து மாட்டினத பாத்துக்கினுதான் இருந்தேன், தம்பி. வேலைய வுட்டுட்டு இந்த வண்டிய நம்பி கீறாரு. நல்லவன்னு உன்னப் பத்தி ஊரெல்லாம் சொல்லிகினு கீறாரு. நான் வாயத் தொறக்க மாட்டேன். நீயே சொல்லிடு."

நான் இன்னும் சொல்லவில்லை; அண்ணன் இன்றைக்கும் அந்தப் பழைய சோக் கேபிளைத் திட்டுவார், நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன்.