கேட் நோட்டில் செல்வம் எழுதியது

செல்வம் போய்விட்டான்.

மூன்று நாள் ஆகிறது. போனில் ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்ததில் இன்றுதான் இந்தப் பதிவு முடிந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்... எனக்கு எழுத்து வந்தே ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

தென்காசிப் பக்கத்துப் பையன். முப்பத்து நான்கு வயது. ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் வேலை. பென்னலூரில் நான் வாட்ச்மேனாக இருக்கிற ஹாஸ்டலில் ஆறு வருடமாக இருந்தான். மஞ்சள் காமாலை என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

மணியிடம் கேட்டுவிட்டுத்தான் மீதியை எழுதுகிறேன். "எல்லாத்தையும் எழுதுங்க தாத்தா" என்றான்.

மணி யார் என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் தண்டலத்திலிருந்து செல்வத்தைப் பார்க்க வருகிறவன். கையில் எப்போதும் ஒரு டிபன் பாக்ஸ்.

எங்கள் கேட்டில் ஒரு நோட்டு உண்டு. யாராவது பார்க்க வந்தால் ஹாஸ்டல் பையன் கேட்டுக்கு வந்து, வந்தவர் பெயர், நேரம், என்ன உறவு... எல்லாம் அதில் எழுத வேண்டும். எனக்கோ அப்போது படிக்கத் தெரியாது. அது வெளியே தெரியக் கூடாது என்று பையன்களையே எழுதவிட்டு, வாயாலும் சொல்ல வைப்பேன்.

செல்வத்திடம் மட்டும் கூடுதல் சத்தமாகக் கேட்பேன். ஷிப்ட் முடிந்து பையன்கள் பஸ்ஸிலிருந்து இறங்குகிற நேரம் பார்த்து.

"இன்னாபா, வந்துகீறது மாமனா மச்சானா? இல்ல பொண்டாட்டியா? சத்தமா சொல்லு, நாலு பேரு கேக்கட்டும்!"

எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. செல்வம் குனிந்தபடியே எழுதிவிட்டு உள்ளே போவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. நான்கு மாதம் வரவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு தொடங்கினார்கள். வீட்டில் இருக்கிற ஏதாவது ஒன்றைப் படிக்கக் கொண்டு வாருங்கள் என்றார் டீச்சர். நான் பழைய கேட் நோட்டைக் கொண்டு போனேன்.

எழுத்துக் கூட்டி ஒவ்வொரு வரியாக வந்தேன். அண்ணன். சித்தப்பா. நண்பர். அப்புறம் செல்வத்தின் வரி... உறவு என்ற கட்டத்தில், வீட்டு ஆள்.

"டீச்சர், வீட்டு ஆள்தானே இது?"

"கரெக்ட்டா படிச்சிட்டீங்க தாத்தா!"

வகுப்பே கை தட்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே இரண்டு வார்த்தைகள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. நான் அத்தனை பேர் நடுவில் கேட்ட கேள்விக்கு அவன் ஒவ்வொரு முறையும் பதில் எழுதியிருக்கிறான். நான் எவ்வளவு மறைத்தும், என்னால் படிக்க முடியாது என்று எப்படியோ தெரிந்து, உண்மையையே எழுதியிருக்கிறான்.

மறுநாள் கேட்டில் அவனை நிறுத்தினேன். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை.

"இன்னாபா... உங்க வூட்டு ஆளு வர்றதே இல்லியே?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "நோட்டப் படிச்சிட்டீயளா?"

"படிச்சேன். ஞாயித்துக்கெயம வரச் சொல்லு. நான் ஒண்ணியும் கேக்க மாட்டேன்."

மூன்று வாரம் கழித்து மணி வந்தான். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். அது மட்டும்தான் செய்யத் தெரிந்தது.

செல்வம் போனில் கதை எழுதுவான். இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் விரும்புகிற கதைகள். ஒரு நாள் ஒன்றைப் படிக்கக் கொடுத்தான். நான் முழுதாகப் படித்த முதல் கதை அதுதான்... பதினோரு நாள் ஆனது. அதில் அந்த இருவரையும் பாடாய்ப் படுத்துகிற ஒரு வாட்ச்மேன் வருகிறான். ஏரி உடைந்து வெள்ளத்தில் போகிறவனை அவர்களே காப்பாற்றுகிறார்கள். அவர்கள் கால்களைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மணியும் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, செல்வத்திடம் கேட்டேன்.

"டேய், நான் எங்கடா ஏரியில வியுந்தேன்?"

"நோட்டப் படிச்சித் திருந்துனாருன்னு எழுதுனா எவன் தாத்தா நம்புவான்? கதைக்கி ஒரு வெள்ளமாச்சும் வேணும்லா."

"சரி... அயுதுட்டு அப்பறம் இன்னா செஞ்சான்?"

"அத எழுதல தாத்தா. அழுததோட முடிச்சிட்டேன்."

மூவரும் சிரித்தோம். மணிக்குப் புரையேறிவிட்டது.

நான்கு நாளுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் செல்வத்துக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. அவன் அம்மா தென்காசியிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார். நானும் மணியும் போனோம். வார்டு வாசலில் ஒரு வாட்ச்மேன், ஒரு நோட்டு.

"பேஷண்டுக்கு நீ இன்னா ஒறவு?"

மணி திணறினான். "ஃப்ரெண்டு..."

"ஃப்ரெண்டெல்லாம் வுட முடியாதுபா. சொந்தக்காரங்க மட்டுந்தான்."

நான் கேட்ட அதே கேள்வி. மணி டிபன் பாக்ஸோடு அப்படியே நின்றான்.

"அந்த நோட்டக் குடு" என்று வாங்கினேன். மணியின் பெயரை எழுதினேன். உறவுக் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதினேன். பின்னால் நின்றவர்கள், "பெரியவரே, சீக்கிரம்" என்றார்கள். நான் அவசரப்படவில்லை. வீட்டு ஆள்.

அந்த வாட்ச்மேன் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்டீன்னா? அண்ணன் தம்பியா?"

"எய்திகீறத மட்டும் படிப்பா. நானும் வாட்ச்மேன்தான்."

நோட்டை வாங்கி வைத்தார். அப்புறம் கதவைத் திறந்தார்.

அன்று மாலை வரை மணி உள்ளேயே இருந்தான். செல்வத்துக்கு இரண்டு முறை நினைவு வந்ததாம். இரண்டு ஸ்பூன் ரசம் குடித்தானாம். மறுநாள் காலையில் போய்விட்டான்.

எங்கள் ஹாஸ்டலில் ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஒரு நோட்டு உண்டு. செல்வத்தின் பெயரை நானே எழுதினேன். போன நேரம் போட்டேன். திரும்பி வந்த நேரம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

போய் வா, செல்வம்.