டியூப் மாறிப்போச்சு!

போன புதன்கிழமை காலை, பெங்களூர் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் மும்தாஜ். எங்கள் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பஷீர் பாயின் மகள். தினமும் ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போய் ஆராய்ச்சி செய்கிற பெண். வழக்கமாக வாய் ஓயாது. அன்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் அவளுக்கு நிக்காஹ். “என்னம்மா, கல்யாணக் கவலையா?” என்றேன்.

“இல்லீங்க அங்கிள். ஈஸ்ட் கவலை.”

ஈஸ்ட்... பன் உப்புவதற்குப் போடுவார்களே, அதேதான். அதன் ஒவ்வொரு செல்லிலும் ரைபோசோம் என்று குட்டி குட்டி இயந்திரங்கள். புரோட்டீன் தயாரிப்பது அவற்றின் வேலை. வேடிக்கை என்ன தெரியுமா? அந்த இயந்திரத்தைப் பூட்டுவதற்கே ஆர்.என்.ஏ.வோடு ஏறக்குறைய எண்பது வகைப் புரோட்டீன்கள் வேண்டுமாம்!

“அதுல ஒண்ணே ஒண்ணுதான் என்னோடது. சர்க்கரைய மாத்திக் குடுத்தா, என்னோட ஈஸ்ட் அந்த ஒண்ண மட்டும் செய்யறத நிறுத்திடும். அப்புறம் ரைபோசோம் எந்தக் கட்டத்துல நின்னுபோகுதுன்னு பாக்கணும்.”

“பாத்தாச்சா?”

“பாத்தேன். ஆரம்பத்துலயே எல்லாம் குலைஞ்சுபோகுது, இது இல்லாம ரைபோசோமோட பெரிய பாதி உருவாகவே உருவாகாதுன்னு எழுதிட்டேன். வெள்ளிக்கிழமை ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்பறாங்க. நேத்துதான் ஈஸ்ட் டியூப் வெக்கற ஃப்ரீஸரத் தொறந்து பாத்தேன்... டியூப் மாறிப்போச்சு அங்கிள். நான் வளத்தது வேற ஈஸ்ட். அதுல நின்னது வேற புரோட்டீன்.”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கு மட்டுந்தான்.”

“அப்ப விடும்மா. கல்யாணம் முடியட்டும். மெதுவா திருத்திக்கலாம்.”

சொன்னது யார்? பதினெட்டு வருடமாக ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிற நான்!

அவள் திரும்பிப் பார்த்தாள். “இத நம்பி வேற ஒருத்தர் ரெண்டு வருஷம் வேலை செஞ்சா?”

அன்றைக்கே அவள் தன் ஆராய்ச்சி கைடிடம் சொல்லிவிட்டாள். அவர் பேப்பரை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, மறுபடி செய்ய எத்தனை நாளாகும் என்று மட்டும் கேட்டாராம். மூன்று மாதம் என்றாளாம்.

சாயங்காலம் பாய் மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். “நீங்களே கேளுங்க சார். மண்டபம் சொல்லியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்காக மூணு மாசம் தள்ளிப்போடணுமாம்!”

“தப்பு என்னோடது அத்தா. நான்தான் சரிபண்ணணும். கல்யாணமாகிக் காவேரிப்பட்டினம் போயிட்டா தினமும் லேபுக்கு வர முடியுமா, சொல்லுங்க?”

“மாப்பிள்ளைகிட்டயே கேட்டுடறேன்” என்றார் பாய். பிறகு செருப்பை மாட்டினார். நானும் கூடப் போனேன்.

தெருமுனை எஸ்.டி.டி. பூத். மாப்பிள்ளை காவேரிப்பட்டினம் பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை. பாய் வியர்க்க வியர்க்க எல்லாவற்றையும் சொன்னார் — டியூப் மாறியது வரை. அப்புறம் ‘ம்... ம்...’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“என்ன சொல்றார் பாய்?”

“‘மூணு மாசம் பத்துமா, நல்லாக் கேட்டுச் சொல்லுங்க மாமா’ங்கறாரு சார்.”

மறுநாள் மும்தாஜ் முதல் பஸ்ஸையே பிடித்துவிட்டாள். அவளுடைய புரோட்டீன் ஆரம்பத்திலேயே வேண்டுமா, கடைசியில்தான் வேண்டுமா, இல்லை, அது இல்லாமலும் ரைபோசோம் ஒப்பேற்றிக்கொள்ளுமா? இன்னும் தெரியாது. தெரியாது என்று தைரியமாகச் சொல்கிற ஒரு பெண் எங்கள் தெருவில் இருக்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

நானும் ஒரு வாரமாக யாருக்கும் அறிவுரை சொல்வதில்லை... வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்!