தழை கிடந்த வளைவு

ஏற்காட்டில் நாலு அறை வைத்து விருந்தினர்களைத் தங்கவைத்துப் பிழைக்கிறேன். விமானத்தில் வருகிறவர்களுக்கு எங்கள் மலையைப் பற்றிச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். காமலாபுரம் விமான நிலையத்தில் இறங்கியதும் எதிரே மலை தெரிகிறது அல்லவா, உடனே ஆட்டோ பிடித்து வந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஓமலூர் ரோட்டின் நெரிசலும், அடிவாரத்துக்கு மேலே சுற்றிச் சுற்றி ஏறும் கொண்டை ஊசி வளைவுகளும் அவர்கள் கணக்கில் வருவதே இல்லை. வாதாடி அலுத்துப்போய்க் கடைசியில் சுதாராணியின் போன் நம்பரைக் கொடுத்துவிடுவேன்.

சுதாராணி நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். எஸ்டேட் ஜீப்பைத் திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டிப் பழகினாள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் கண்டபடி திட்டினார். அப்புறம் ஒரு மழைநாளில் அவர் மகளுக்கே பிரசவ வலி எடுத்து, வேறு டிரைவர் கிடைக்காமல், இவள்தான் சேலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அன்றோடு ரைட்டர் வாயை மூடிக்கொண்டார். கட்டிக்கொண்டதும் ஒரு டிரைவரைத்தான், யுவராஜ். சேலத்துக்கு மறுபடி விமானம் வரத் தொடங்கியதும் ஆளுக்கு ஒரு வண்டி என்று ஆயிற்று. வந்து இறங்குகிறவர்களை மேலே ஏற்றி வருவது அவன், ஊருக்குத் திரும்புகிறவர்களைக் கீழே கொண்டுபோய் விடுவது அவள். மலைப்பாதையில் எதிரெதிரே வந்தால் ஒரு ஹாரன் அடித்துக்கொள்வார்கள். பகலில் அவர்களுடைய குடும்பப் பேச்சு அவ்வளவுதான்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. பாதையில் கல் கிடந்தாலும் தழை கிடந்தாலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, எடுத்துப் போட்டுவிட்டுத்தான் போவாள். மலையில் லாரி பழுதாகி நின்றால் சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பார்கள், பின்னால் வருகிறவன் பார்த்து ஒதுங்குவதற்காக மரக்கிளையை ஒடித்து முன்னும் பின்னும் ரோட்டில் போடுவார்கள். பழுது பார்த்ததும் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கல்லும் தழையும் அப்படியே கிடக்கும். அப்படி விட்டுப்போன ஒரு கல்லில் மோதித்தான் அவள் அப்பா பெரியசாமி மொபெட்டோடு விழுந்தார். அவருக்கு ஒரு கால் இன்றுவரை நேராகவில்லை. அதனால் நன்றிகெட்ட பயல்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் ரோட்டைச் சுத்தம் செய்வாள். காத்திருக்கும் பயணிகள் மணியைப் பார்த்துக்கொள்வார்கள். நான் மட்டும் அவளை மனதாரப் பாராட்டியிருக்கிறேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் நானே அவள் வண்டியில் போனேன். ஹைதராபாத்தில் இருக்கும் என் மகளுக்கு உடம்பு சரியில்லை. மலை முழுக்க மூடுபனியாய் மஞ்சு இறங்கியிருந்தது. காலை நேரம்தான் என்றாலும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் இறங்கினோம். பாதி மலை இறங்கியபோது ஒரு வளைவுக்குச் சற்று முன்னால் ரோட்டின் பள்ளத்துப் பக்கம் தழை கிடந்தது. கொஞ்சம் தள்ளி, வளைவுக்குக் கீழேயும் கிடந்தது. நடுவில் எந்த வண்டியும் இல்லை.

"பாருங்கக்கா, போட்டவன் போயிட்டான், எடுத்துப்போட ஆளில்லை" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். மேலே கிடந்ததையும் கீழே கிடந்ததையும் இழுத்துப் பள்ளத்தில் வீசினாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் கையில் பால் பிசுபிசுத்தது. பச்சைத் தழை. இலைகூட வாடவில்லை. எனக்கு அது என்னவோ போல் இருந்தது. ஆனால் என் நினைப்பெல்லாம் மகள் மேல் இருந்ததால் அதைத் தொடர்ந்து யோசிக்கவில்லை. மலைச்சுவரை ஒட்டியபடியே இறங்கிவிட்டோம்.

அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே யுவராஜின் வண்டி எதிரே வந்தது. முதல் விமானத்தில் வந்த ஒரு பெரியவரும் அவர் மனைவியும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெரியவர் சின்ன வயதில் எங்கள் ஊரில் படித்தவராம், பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தாராம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. இவள் ஹாரன் அடித்தாள், அவனும் அடித்தான். அவன் வண்டி மஞ்சுக்குள் போய் மறைந்தது.

விமான நிலைய வாசலில் என் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள். யுவராஜின் வண்டி அந்த வளைவில் பள்ளத்தில் போய்விட்டது. மழையில் ரோட்டின் ஓரம் உள்ளே அரித்துப்போய், ஏறிய சக்கரத்தோடு சேர்ந்து சரிந்திருக்கிறது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மகள் குணமாகும்வரை நான் ஊர் திரும்ப முடியவில்லை. மற்றதையெல்லாம் போனில் ஆளாளுக்குச் சொன்னார்கள். பெரியவர் பிழைக்கவில்லை. அவர் மனைவிக்குத் தோள் எலும்பு முறிவு. யுவராஜுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அஜாக்கிரதையாக ஓட்டி ஆளைக் கொன்றதாக அவன் மேல் கேஸ். விடியற்காலை இறங்கும்போதே ரோட்டில் விரிசலைப் பார்த்தேன், தழை ஒடித்துப் போட்டேன், வரும்போது மஞ்சில் அந்தத் தழையைத்தான் தேடிக்கொண்டு வந்தேன், அது தென்படவே இல்லை என்று ஆஸ்பத்திரியில் அவன் சொல்லியிருக்கிறான். போலீசார் போய்ப் பார்த்தார்கள். அங்கே ஒரு இலைகூட இல்லை. டிரைவர்கள் எல்லாம் சொல்லும் கதைதானே என்றார்கள். அப்போது சுதாராணி பக்கத்தில்தான் நின்றிருந்தாளாம். அவள் ஒன்றும் சொல்லவில்லையாம்.

திரும்பி வந்தபோது என்னை அழைத்துப்போக அவளே வந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். அடிவாரத்தில்தான் வாயைத் திறந்தாள். அவர் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார், வக்கீலிடம் பேசியிருக்கிறார், தழை கிடந்ததைப் பார்த்ததாக ஒருத்தர் சொன்னாலும் கேஸ் நிற்காதாம் என்றாள். நீ என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டேன்.

"நீங்க பாத்ததச் சொல்லுங்கக்கா. என்னால சொல்ல முடியலீங்க."

அந்த வளைவில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்காமலே ஓட்டினாள்.

யுவராஜ் கட்டிலில் படுத்திருந்தான். மாடு மாதிரி உழைத்த உடம்பு, போர்வைக்குள் இருக்கும் இடமே தெரியவில்லை. எனக்கு நாற்காலி போடச் சொன்னான். சுதாராணி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அவன் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டான்.

"ஏனுங்க, நீங்க அன்னிக்கு அவ வண்டியிலதானுங்களே இறங்குனீங்க. தழை கெடந்துச்சுங்களா? எந்தப் பாவி எடுத்தான்னு மட்டும் தெரிஞ்சாப் போதுமுங்க. படுத்துட்டு அதைத்தானுங்க நெனச்சுட்டே இருக்கறேன்."

ஆமாம் என்றால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். இல்லை என்றால் அவனை நானே ஜெயிலுக்கு அனுப்புகிறேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் வந்து நிலைப்படியில் நின்றாள்.

"நாந்தான் எடுத்தேன். பழைய தழைன்னு நெனச்சேன்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். போலீசில் யாரிடமாவது சொன்னாளா என்று என்னைக் கேட்டான். இல்லை என்று அவள்தான் சொன்னாள். அவள் பேசியது காதிலேயே விழாதவன் போல அவன் என் பக்கமே திரும்பியிருந்தான்.

"இவ சொன்னா இவளையும் இழுத்துட்டுப் போவாங்க. ஊட்டுல ஒரு வண்டியாச்சும் ஓடோணுமுங்க. கேஸ் எம்மேலயே கெடக்கட்டும். நீங்க தழை எதையும் பாக்கலீங்க."

சுதாராணி ஏதோ சொல்ல வந்தாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பியது தலை மட்டும்தான், உடம்பு அப்படியே கிடந்தது. மறுநாள் கிளம்பும் விருந்தினர் யாராவது இருக்கிறார்களா, எத்தனை மணிக்கு வண்டி வேண்டும் என்று சுவரைப் பார்த்தபடியே என்னைக் கேட்டான். இருக்கிறார்கள் என்று நேரத்தைச் சொன்னேன்.

"அவகிட்ட சொல்லிருங்க" என்றான். அவள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தாள்.