சரியான விடைக்கு மட்டும் ஏறிய குரல்

என் மருமகள் மருத்துவத் தேர்வில் தோற்றது அவள் படிக்காததால் அல்ல, நான் ஏமாற்றியதால். தெரியாமல் நடந்த பிழை என்று சொல்ல வழி இருந்தால் சொல்லியிருப்பேன். தெரிந்துதான் செய்தேன். மூன்று மாதம், தினமும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு செய்தேன்.

அவள் பிலிப்பைன்ஸ் போய் மருத்துவம் படித்து வந்தவள். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க ஒரு தேர்வு எழுத வேண்டும். முந்நூறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். பாதி சரியென்றால் டாக்டர். இல்லையென்றால் அத்தனை வருடப் படிப்பும் வெளிநாட்டுச் சுற்றுலாவில் சேர்த்தி. கல்யாணம் முடிந்த கையோடு என் மகன் குஜராத்தில் ஒரு நூற்பாலைக்கு வேலைக்குப் போய்விட்டான். ராஜபாளையம் வீட்டில் அவளும் நானும்தான் இருந்தோம். என் மனைவி அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள்.

"ஆறு மாசம் மெட்ராஸ்ல கோச்சிங் சேந்துக்கிடவா மாமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

உடனே எனக்கு அவளுடைய எதிர்காலத்தைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. நாளைக்கு யார் சமைப்பார்கள் என்ற கவலை அதற்கு ஒரு நொடி முன்னால் வந்தது.

"எதுக்கும்மா? நான் முப்பத்திமூணு வருசம் இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தவன். கேள்விய நான் வாசிக்கேன், நீ பதில் சொல்லு. ஒரு மாசம் பாப்போம். நூத்துக்கு எழுவது வந்தா மெட்ராஸ் வேண்டாம். வரலன்னா நானே கொண்டு போய் விடுதேன்."

எவ்வளவு நியாயமான மனிதன்! அவள் அடுப்படியில் நிற்கும் நேரமும் வீணாகாது என்று அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தேன். அவள் வெங்காயம் நறுக்குவாள், நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நோயாளிகளை வரவழைப்பேன். நாற்பத்தைந்து வயது ஆண், நெஞ்சுவலி, இடது தோளுக்குப் பரவுகிறது, வியர்க்கிறது. ஐந்து வாரக் குழந்தை, பால் குடித்ததும் பீய்ச்சியடித்தது போல் வாந்தி, மேல்வயிற்றில் ஆலிவ் அளவில் ஒரு கட்டி.

"ஆலிவ்னா என்னம்மா?"

"சின்ன நெல்லிக்கான்னு வச்சுக்கோங்க மாமா. இரைப்பை வாசல் சுருங்கிருக்கு."

கேள்வித்தாள் நோயாளிகள் தங்கமானவர்கள். கேட்காமலே எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வார்கள், ஒருவரும் பொய் சொல்வதில்லை. பொய் சொன்னது வாசித்தவன் மட்டும்தான்.

முதல் வாரம் நாற்பத்தெட்டு வந்தது. எழுபதுக்கு இன்னும் வெகுதூரம். எனக்கோ ஒரு பழைய வித்தை கைவசம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் நாளன்று அதிகாரி பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, பையன்களுக்குக் குரலாலேயே விடை எடுத்துக் கொடுப்பேன். தவறான விடைகளைப் பேருந்து நிலைய அறிவிப்பு போல ஓட்டிவிட்டு, சரியான விடை வரும்போது அரை மூச்சு நிறுத்தி, குரலைக் கொஞ்சம் ஏற்றி, முடிக்கும்போது தடவிக் கொடுக்க வேண்டும். அதிகாரி கடைசிவரை கண்டுபிடித்ததில்லை. புத்தகத்தின் கடைசியில் இருந்த விடைகளை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு, அந்த வித்தையை மருமகளிடம் இறக்கினேன். இரண்டாம் வாரம் அறுபத்தொன்று. மாதக் கடைசியில் எழுபத்தெட்டு.

"எப்படி மாமா, எனக்கே நம்ப முடியல!" என்று கரண்டியும் கையுமாகச் சிரித்தாள். சென்னைப் பேச்சு அன்றோடு நின்றது. மகனுக்குப் போன் போட்டு, "கோச்சிங்காவது ஒண்ணாவது, வீட்டுலயே வாத்தியார் இருக்கையில!" என்றேன். அடுத்த இரண்டு மாதமும் அப்படியே வாசித்தேன்.

தேர்வில் பதினோரு மதிப்பெண் குறைந்தது.

உறவுக்காரர்கள் துக்கம் விசாரிப்பது போல வந்தார்கள். "பாவம், மாமனாரு தொண்டத்தண்ணி வத்த வாசிச்சுக் குடுத்தாரு. அந்தப் புள்ளைக்கி மண்டையில ஏறல" என்றார்கள். நான் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். பார்ப்பவர்களுக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. அவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, மிச்சம் இருந்த துணிமணிகளை எடுக்க வந்தாள்.

"நீங்க வாசிச்சா வெடை தெரியுது மாமா. ஹால்ல நானா படிக்கையில நாலும் ஒண்ணு போல இருக்கு. எனக்குள்ள ஏதோ கோளாறு. இனிமே எழுதல. அப்பா ஒரு மெடிக்கல் ஷாப்புல சொல்லி வச்சிருக்காக, பில்லு போட."

நோயாளி எதிரே வந்து நின்று எல்லா அறிகுறியையும் சொல்லிவிட்டாள். நோய் நான்தான். அப்போதும் "பாத்துப் போம்மா" என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். சம்பந்தி அங்கே மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதன் சொந்தக்காரர், வன்னியம்பட்டி விவசாயி, பக்கத்து ஸ்டூலில் காத்திருந்தார். அவர் போகட்டும் என்று பார்த்தேன். மோட்டார் முடியாமல் அவர் நகர்வதாக இல்லை. அவரை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

சம்பந்தி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "செல்போனப் பாத்தியா, சினிமாப் பாத்தியான்னு எம் பிள்ளைய எம்புட்டு ஏசியிருக்கேன் தெரியுமா? நீங்க போன்ல, பொறுமையா இருங்க சம்பந்தின்னு எனக்குப் புத்தி சொன்னீகளே!"

"சொன்னேன்."

விவசாயி என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: "அப்ப பெயிலானது பாப்பாவா, சாரா?"

கடைக்குப் பின்னால்தான் வீடு. அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எத்தன கேள்விக்கு மாமா அப்படி வாசிச்சீக?"

"ரெண்டாவது வாரத்துலருந்து எல்லாத்துக்கும்."

"அப்ப முதல் வாரம் வந்த நாப்பத்தெட்டுதான் நெசமா நான் எடுத்ததா?"

"ஆமா."

நான் எதிர்பார்த்த அழுகை வரவில்லை. "கோச்சிங் போகாமலே நாப்பத்தெட்டு. மோசமில்ல" என்று தனக்குள் சொல்வதுபோல் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மெடிக்கல் ஷாப்புக்குப் போகவில்லை. அந்த மாதமே சென்னைக்குப் போனாள். நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று கிளம்பினேன். "எங்கப்பா வாராக" என்று முடித்துவிட்டாள்.

மகனுக்கும் போனில் சொன்னேன். "வைக்கேன்ப்பா" என்றான். ஒரு மாதம் கூப்பிடவில்லை. உறவுக்காரர்களின் வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய்ச் சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. மருமகளைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் பெரிய மனுஷன் என்று ஊரில் என் மதிப்பு இன்னும் கூடியதுதான் மிச்சம். ஒருவர் பொன்னாடையே போர்த்தியிருப்பார், கைவசம் இல்லை.

அடுத்த தேர்வில் அவள் தேறினாள். செய்தி எனக்குச் சம்பந்தி மூலம்தான் வந்தது. இப்போது அரசு மருத்துவமனையில் பயிற்சி டாக்டர். மகன் குஜராத்தை விட்டுவிட்டு ராஜபாளையத்திலேயே ஒரு மில்லில் சேர்ந்துவிட்டான். ஆனால் குடியிருப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் என் தெரு வழியாக வேலைக்கு வருகிறான், போகிறான். என் வீட்டு மாடி சும்மா கிடக்கிறது, வந்து இருங்கள் என்று ஒருமுறை இருவரிடமும் சொல்லிப் பார்த்தேன்.

"ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல மாமா. அது அப்பவே போச்சு" என்றாள் அவள். "ஆனா அந்த வீட்டுக்கு வரமாட்டேன்."

இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள். நான் மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போனால் எனக்கும் இலை போடுகிறார்கள்.