அடித்தட்டில் தூங்கிய மேப்பிள்

எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது என் முதல் போனஸில். வந்த ஆறாம் மாதமே அதன் அடித்தட்டை ஒரு மரத்துக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், காருக்கு உதிரிபாகம் செய்யும் ஆலையில் தரப் பரிசோதனை என் வேலை. புது இயந்திரங்களை நிறுவ, ஜப்பானில் பனி கொட்டும் வடபகுதியிலிருந்து ஒரு பொறியாளர் வந்து இரண்டு வருடம் தங்கியிருந்தார். ஊட்டிப் பண்ணை ஒன்றில் வாங்கிய மேப்பிள் கன்றைத் தட்டையான மண்சட்டியில் போன்சாயாக வளர்த்தார். ஒரு சாண் உயரம்தான். ஆனால் அடிமரம் தடித்து, வளைந்து, வயதான மரத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பது போலிருக்கும். கிளைக்குக் கம்பி சுற்றவும் நுனி கிள்ளவும் என்னைத்தான் கூப்பிடுவார். ஊர் திரும்பும்போது, அத்தனை பேர் இருக்க, அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அதில் பெருமை உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்துச் செய்யக்கூடிய காரியம் எதுவானாலும் எனக்கு வரும் என்று நம்பியிருந்தேன்.

குளிர்நாட்டு மரம் வருடத்தில் இரண்டு மாதமாவது தூங்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். இலை உதிர்த்துக் குளிரில் அசையாமல் கிடந்தால்தான் அடுத்த தளிருக்குத் தெம்பு சேரும். தூங்காத மரம் இரண்டு மூன்று வருடத்தில் தேய்ந்து செத்துப்போகும். எங்கள் ஊரில் மார்கழியிலும் மின்விசிறி ஓடும். அதனால் அவர் தன் விடுதி அறை ஃபிரிட்ஜில் வைத்து அதைத் தூங்கவைத்தார்.

ஐப்பசி மழையில் சட்டியில் நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டேன். கார்த்திகைக் கடைசியில் சில இலைகள் சிவந்து விழுந்தன. மீதியைக் காம்பை மட்டும் விட்டு நறுக்கினேன். மண்ணை லேசாக நனைத்து, துளையிட்ட பிளாஸ்டிக் பையால் மூடி உள்ளே வைத்தேன். பழுக்கும் காய்களிலிருந்து வரும் வாயு மொட்டைக் கெடுக்கும் என்பதால் தக்காளியை வெளியே எடுத்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவும் நானும்தான். முன்பு நடவு வேலைக்குப் போனவள், இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறாள். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள்.

"செத்த குச்சிய உள்ள வச்சிக்கினு தக்காளிய வெளிய போட்ற. நல்லா கீதுடி உன் ஞாயம்," என்றாள்.

செய்ய வேண்டியது, செய்யக்கூடாதது எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வெளியே எடுக்கக்கூடாது என்ற வரிக்குக் கீழே சிவப்பில் கோடு போட்டேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஆலையில் மின்சாரம் போய், மதியமே எங்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லருகே அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், வெயிலில், என் மரம். பச்சைக் குழந்தைக்குச் சுற்றுவது போல சட்டியைச் சுற்றித் துண்டு. கிளை நுனிகளில் மொட்டுகள் உப்பிச் சிவந்திருந்தன. இரண்டு பிரிந்தே விட்டன.

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"நீ வச்ச மறுநாள்லேர்ந்து. ரவ நேரந்தான், நீ வர்றதுக்குள்ள உள்ள வச்சிடுவேன். நாளெல்லாம் ஐசுல கெடக்குது, பாவம். உசுரு கீதுன்றியே, அதுக்குச் சூடு வேணாமா?"

"கதவு மேல அம்மாம் பெருசா எழுதி ஒட்டி வச்சிகீறேனே, படிக்கல?"

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அம்மா கையிலிருந்த மொச்சையை உரித்து முடித்தாள்.

"உன் ஆபீஸ் பேப்பருன்னு நெனச்சேன்," என்றாள். அடுத்த மொச்சையை எடுத்தபடி, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா, வாய் வலிக்குதா உனக்கு?"

நான்காம் வகுப்பிலிருந்து அந்த வீட்டுக்கு வரும் எல்லாக் காகிதத்தையும் நான்தான் படித்துச் சொல்லி வந்திருக்கிறேன். அப்படியிருந்தும் அந்த அட்டையை எழுதினேன். கல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மரத்தின் தூக்கம் என்றால் என்ன என்று முதலிலிருந்து சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"அப்ப நான் தெனம் எழுப்பிவுட்டுக்கினு இருந்தனா?"

அன்று மாலையே பொறியாளருக்குச் செய்தி அனுப்பினேன். விழித்த மரத்தை மறுபடி குளிரில் வைக்காதே, வெளிச்சம் கொடு, இந்தக் கோடையைத் தாண்டினால் பிழைக்கும் என்று பதில் வந்தது. தாண்டாவிட்டால் என்ன என்று அவர் எழுதவில்லை.

அம்மா அதைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு மாற்றி, சட்டிக்கு ஈரச் சாக்கு சுற்றினாள். பங்குனியில் இலைகளின் ஓரம் கருகியது. கத்திரி வெயிலில் இடப்பக்கக் கிளைகள் காய்ந்தன. நகத்தால் பட்டையைச் சுரண்டி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று இருவரும் பார்ப்போம். நான் வேலையிலிருந்து வந்ததும், "வலப்பக்கம் கீது," என்பாள். வேறு எதுவும் கேட்கத் தேவையிருக்காது. ஆடியில் நாலு மழை பெய்த பிறகு அந்த வலப்பக்கத்தில் மூன்று தளிர் வந்தது.

அடுத்த கார்த்திகையில் தக்காளியை எடுத்து வெளியே வைத்தவள் அம்மா. மார்கழியில் புயல் வந்து இரண்டு நாள் மின்சாரம் இல்லை. பேருந்தும் ஓடாததால் நான் ஆலை விடுதியிலேயே மாட்டிக்கொண்டேன். மரம் விழித்திருக்கும், இந்தத் தடவை அதற்கு மிச்சத் தெம்பு இல்லை என்று நினைத்தபடியே வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் கதவில் கை வைத்தேன்.

"தொறக்காத. இப்பதான் ஐஸ் மாத்துனேன்."

மீன் மார்க்கெட்டுக்கு நடந்தே போய், உமிச் சாக்கில் ஐஸ் கட்டி வாங்கி வந்திருந்தாள். இரண்டு நாளில் நான்கு தடவை. அவளுடைய விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

மாசியில் வெளியே எடுத்தோம். பத்தாம் நாள் வலப்பக்கம் முழுக்கச் சிவப்பாகத் துளிர்த்திருந்தது. பொறியாளருக்கு அனுப்பப் படம் எடுக்கக் கைபேசியை நீட்டினேன். இரு என்று உள்ளே போன அம்மா, தலைவாரி, புடவை மாற்றிக்கொண்டு வந்து சட்டியருகே உட்கார்ந்தாள்.

"என்னியும் சேத்து எடு. மரத்த மட்டும் அனுப்புனா, நீயே வளத்தன்னு நெனச்சிக்கப் போறாரு."